முளைத்தது ஏதுமில்லை

பெர்கன் நகரத்தில் நவம்பர் முழுக்க மழை.
ஆய்வகத்து வாசலில் நனைந்த குடைகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.
என்னுடையது எது என்று தேடி எடுப்பதை
எப்போதோ விட்டுவிட்டேன்.

ராக்ன்ஃப்ரித் ஓஸ்லாண்ட், நாற்பத்தாறு வயது,
பத்தொன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
இந்த ஆண்டில் இது ஐந்தாவது குப்பி.
முந்தைய நான்கில் இரண்டுக்கு
நான்தான் எழுதினேன்: முளைத்தது ஏதுமில்லை.
அதைப் படித்துவிட்டு மருத்துவர் அவளிடம்
மனதைத் தளரவிடாதீர்கள் என்றாராம்.
நீர்க்கடுப்பில் மனதுக்கு என்ன வேலை?

இந்தக் குப்பியின் சீட்டில் அவளே பேனாவால்:
"கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது.
நாலரை மணி நேரம் அடக்குகிறேன்.
இதையும் கணக்கில் எடுங்கள்."
சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாள்.

ஆகவே தட்டில் தேய்த்ததோடு விடவில்லை.
சுழற்றி, அடியில் தங்கியதற்குச் சாயமிட்டு,
நூறு மடங்கு லென்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்
குனிந்தேன்.

சிறுநீர்ப்பையின் உள்சுவரில்
முன்வரிசைக்குக் குடைச் செல்கள் என்று பெயர்.
அகன்று கவிந்து
கீழிருப்பவற்றை நனையாமல் காப்பவை.
பை நிறைந்தால் விரியும்.
வடிந்து சுருங்கும்போது
தன் தோலையே கொஞ்சம் உள்ளே விழுங்கிக்கொள்ளும்.
அந்த வாய்க்காகத்தான் காத்திருந்தது
ஒரே ஒரு ஈ.கோலி.

குடலில் அது பரம சாது.
இங்கே ஏறி வந்தது கொக்கியோடு.
சுவரின் சர்க்கரையைப் பற்றித் தொங்கியது.
வெள்ளம் வந்து இழுத்தது.
இழுக்க இழுக்க இறுகியது முடிச்சு.

செல் விழுங்கியது.
விழுங்கியதைத் துப்பவும் பார்த்தது.
துப்பியவை போக
உறையைக் கிழித்து உள்ளே இறங்கியது ஒன்று.
அதன்பின் அரைமணிக்கொரு தரம் இரட்டிப்பு.
நீளக் குச்சியாய் வந்தவை நெருக்கத்தில் குறுகி,
பேருக்கேற்றபடி
கோலிக்குண்டுகளாகிப் புடைத்தன.
இடம் கொடுத்தாயிற்று; மடமும் போயிற்று.
வெளியே மருந்து ஓடிக்கொண்டிருந்தது.
வெள்ளை அணுக்கள் வாசலில் முட்டி மோதின.
குடைக்கு அடியில்
ஒரு சொட்டு விழவில்லை.

இதோ, உரிந்து மிதந்து வந்த ஒரு குடைச் செல்.
வயிறு நிறைய நீலம்.
தன்னைத் தானே கழற்றிப் போட்டுக்கொண்டது,
போகும்போது இவற்றையும் கூட்டிப் போய்விடலாம் என்று.
கணக்கு பாதி சரி.
கிழிந்த ஓரத்தில்
பிரிய மறந்து நீண்டே போனவை சில,
நூலிழைகளாய்,
அடுத்த குடையைத் தேடிப்
பாதி வெளியே.

குடை போன இடத்தில்
கீழ்வரிசை திறந்து கிடக்கும்.
அங்கே நான்கோ ஐந்தோ இறங்கிப் படுத்துக்கொள்ளும்.
பெருகாது. அசையாது.
பெருகுவதை மட்டுமே கொல்லத் தெரிந்த மருந்து
யாரும் மணியடிக்காத நிறுத்தத்தைப்
பேருந்து தாண்டுவது போல
தாண்டிப் போகும்.

என் படிவத்திலும் கட்டம் இல்லை.
தட்டில் முளைத்ததா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.
நானும் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
செல்லுக்குள் இருக்கின்றன. படம் இணைத்துள்ளேன்.
அவருக்கு வலிப்பது உண்மை.
கடைசி வரி என் வேலையல்ல என்று அடித்தேன்.
அடித்ததன் மேலேயே
மறுபடி எழுதினேன்.

பதினொன்றே காலுக்குப் பத்தொன்பது வந்தது.
ஓட்டுநர் யாரோ ஓர் இளைஞன்.
என்னுடையதல்லாத குடையை உதறி மடக்கி
ஏறினேன்.
என் வீட்டு நிறுத்தம் வந்தது, போனது.
கடைசியில் இறங்கி
மழையோடு நடந்துபோய்
அந்தக் கதவை இழுத்துப் பார்த்தேன்.

பூட்டுதான்.